ஸ்ரீரங்கத்துக் காவிரி போய்ச் சேரும் உப்பங்கழி: முத்துப்பேட்டையில் ஒரு படகுப் பயணம்

ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் எள் போட இடம் இருக்காது. காதோலை, கருகமணி, மஞ்சள், பூ எல்லாவற்றையும் ஆற்றில் விடுவார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை கேட்கும்: "பாட்டி, இதெல்லாம் எங்க போகும்?"

"கடலுக்குப் போகும்டா கண்ணு."

பாட்டி சொல்வது சரிதான். ஆனால், கடலுக்குப் போகும் முன்பு அந்தத் தண்ணீரின் ஒரு பங்கு ஓர் இடத்தில் தங்கிவிட்டுப் போகிறது. ஆழம் குறைந்த பெரிய உப்பங்கழி அது. சுற்றிலும் அலையாத்திக் காடு. உள்ளே இறால், நண்டு, மடவை, கொடுவா. திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டையில் இருக்கும் இந்த இடத்தை உள்ளூர்க்காரர்கள் 'லகூன்' என்றே சொல்கிறார்கள். திருச்சியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

உலகின் பல ஊர்களில் இப்படிப்பட்ட உப்பங்கழிகளில் வழிகாட்டியோடு மீன்பிடிப் பயணம் போவது பெரிய தொழில். முத்துப்பேட்டையில் அது எந்த அளவுக்கு முடியும், எது கூடாது, அந்தப் பயணத்துக்கும் ஸ்ரீரங்கத்து ஆற்றுக்கும் என்ன தொடர்பு? இந்த வாரம் அதைப் பார்க்கலாம்.

ஒரு தீவு, இரண்டு ஆறு, இரண்டு காடு

திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் தீவாக ஸ்ரீரங்கம்.

இந்த இரண்டு ஆறுகளும் கடைசியில் எங்கே போகின்றன என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். கொள்ளிடம் சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. அதன் முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் இடையில் இருப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

காவிரி கல்லணைக்குப் போய் மறுபடியும் பிரிகிறது. ஒரு கிளை காவிரியாகவே பூம்புகார் வரை போகிறது. இன்னொரு கிளை வெண்ணாறு. அந்த வெண்ணாறு நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. பாமணியாறும் கோரையாறும் தெற்கே இறங்கி, வயல்களுக்குப் பாய்ந்தது போக மிச்சத்தை முத்துப்பேட்டை உப்பங்கழியில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன.

ஆக, ஸ்ரீரங்கத்தின் வடகரை ஆறு ஒரு அலையாத்திக் காட்டுக்கும், தென்கரை ஆறு இன்னொரு அலையாத்திக் காட்டுக்கும் தண்ணீர் தருகிறது. பிச்சாவரம் சினிமா புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும். முத்துப்பேட்டைக்கு அந்த விளம்பரம் இல்லை. ஆனால் பரப்பில் அதுதான் பல மடங்கு பெரியது. சதுப்பு, உப்பங்கழி, காடு எல்லாம் சேர்த்துச் சுமார் 12,000 ஹெக்டேர். கோடியக்கரையோடு சேர்த்து 2002-ம் ஆண்டு ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பிடித்த பகுதி இது.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகக் காரில் போனால் ஏறக்குறைய இந்தத் தண்ணீரின் பாதையிலேயே போகலாம். பின் ஸீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். புவியியல் பாடம் தானாக முடிந்துவிடும்.

படகில் ஏறினால்

முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஜாம்புவானோடை. தர்காவுக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்துதான் உப்பங்கழிக்குப் படகு கிளம்புகிறது. கோரையாற்றில் இறங்கி, இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் கூடவே வர, மெதுவாகக் கடலை நோக்கிப் போக வேண்டும்.

அலையை ஆற்றுவதால் அலையாத்தி. இந்தக் காட்டில் மிகுதியாக இருப்பது வெண்கண்டல் என்கிற மரம். சேற்றிலிருந்து பென்சிலைக் குத்தி வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வேர் வெளியே தலைநீட்டி மூச்சுவிடுகிறது. இடையிடையே தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். அழகாக இருக்கிறதே என்று கிளையை ஒடித்துவிடக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சிறிது தூரம் போனதும் இரண்டு பக்கமும் காடு விலகி, கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். கடல் போலத் தெரியும் அந்த இடத்தில் ஆழம் என்னவோ ஒரு மீட்டர் முன்னே பின்னேதான். வாடைக்காலத்தில் வந்தால் கூழைக்கடா, பூநாரை, செங்கால் நாரை என்று பறவைக் கூட்டமும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் படகோட்டியின் அருமை புரியும். பெரிய படகும் பெரிய இன்ஜினும் இங்கே உதவாது. எங்கே சேறு மேடிட்டிருக்கிறது, எந்த நேரத்தில் எந்த வாய்க்காலில் படகு தட்டாமல் போகும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் ஆழமாக இருந்த இடம் இந்த வருஷம் மேடாகியிருக்கும். இன்ஜின் உதவாத இடத்தில் நீளமான மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா உப்பங்கழிகளிலும் வழிகாட்டிகள் இதையேதான் செய்கிறார்கள். தட்டையான அடிப்பாகம் கொண்ட சிறு படகு. பின்பக்கம் ஒரு மேடை. அதில் ஏறி நின்று, நீளக் கழியால் சத்தமில்லாமல் படகைத் தள்ளிக்கொண்டே தண்ணீருக்குள் மீன் தெரிகிறதா என்று பார்ப்பார் வழிகாட்டி. முன்னால் நிற்கும் விருந்தாளியிடம் திசையைச் சொல்வார், விருந்தாளி தூண்டிலை வீசுவார். அங்கே கழி ஃபைபரில் வருகிறது, இங்கே மூங்கிலில் வருகிறது. வித்தை ஒன்றுதான்.

மீன் எங்கே நிற்கும்?

உப்பங்கழியில் மீன் தேடுவது என்றால் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் படிப்பது. முத்துப்பேட்டையை ஒட்டியிருக்கும் பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் ஒரு மீட்டர் ஆழமே இருக்கும் இடத்தில் அரை அடி ஏறினாலும் பெரிய வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சோம்பலாக இருக்கும். பஞ்சாங்கம் ஸ்ரீரங்கத்துக்கு மட்டுமல்ல, மீனவர் வீட்டுக்கும் வேண்டும்.

தண்ணீர் ஏறும்போது சின்ன மீன்களும் இறால்களும் காட்டுக்குள் இருக்கும் வாய்க்கால்களில் ஏறி, வேர்களுக்கு இடையில் மேயும். வற்றும்போது எல்லாம் வாய்க்கால் வழியே வெளியே வந்தாக வேண்டும். அந்த வாய்க்கால் முகத்தில்தான் கொடுவா காத்திருக்கும். துரத்தி ஓடிப் பிடிக்கும் ரகம் இல்லை அது. மறைவில் அசையாமல் நின்று, பக்கத்தில் வந்ததை ஒரே உறிஞ்சில் விழுங்கும்.

மடவை வேறு ரகம். சேற்றில் படிந்திருக்கும் பாசியையும் மக்கிய பொருளையும் தின்னும். அதனால் தூண்டிலை அவ்வளவாகச் சீண்டாது. அதற்கு வீச்சுவலைதான். தண்ணீருக்கு மேலே சும்மா சும்மா துள்ளிக் குதிக்கும் மீனைப் பார்த்துப் பிள்ளைகள் கத்தினால், பெரும்பாலும் அது மடவையாகத்தான் இருக்கும். கெளுத்தி தூண்டிலில் எளிதாக மாட்டும். ஆனால் அதன் முதுகிலும் பக்கங்களிலும் இருக்கும் முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும். கையால் பிடிக்கவே கூடாது.

முத்துப்பேட்டையில் இன்னொரு பழைய முறையும் உண்டு. படகும் பெரிய வலையும் இல்லாதவர்கள், உப்பங்கழியிலிருந்து காட்டை நோக்கி வாய்க்கால் வெட்டி வைப்பார்கள். ஏற்றத்தில் மீன் உள்ளே போகும். வாய்க்கால் வாயை அடைத்துவிட்டு வற்றத்தில் பிடிப்பார்கள். கடலைத் துரத்திப் போகாமல், கடல் கொண்டுவந்து தருவதை வாங்கிக்கொள்ளும் முறை. பிச்சாவரத்தில் இருளர்கள் தண்ணீருக்குள் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே!

ஆஸ்திரேலியாவில் ஹீரோ, உறையூரில் குழம்பு

உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் கொடுவா வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். அதே மீனுக்கு ஆஸ்திரேலியாவில் பெயர் 'பாரமுண்டி'. அங்கே தூண்டில்காரர்களின் கனவு மீன் அதுதான். அதைப் பிடிப்பதற்காகவே ஊர்விட்டு ஊர் பயணம் போய், நாள் கணக்கில் வழிகாட்டிக்குப் பணம் கட்டுகிறார்கள். நார்தர்ன் டெரிட்டரியில் 2015 முதல் 'மில்லியன் டாலர் ஃபிஷ்' என்று ஒரு போட்டியே நடக்கிறது. அடையாளச் சீட்டு மாட்டிய பாரமுண்டிகளை ஆற்றில் விட்டுவிடுவார்கள். பிடிப்பவருக்குப் பரிசு.

இந்த மீனுக்கு விசித்திரமான வாழ்க்கை. பிறந்து வளரும்போது பெரும்பாலும் ஆண். சில வருடங்கள் கழித்து, உடல் பெரிதானதும் பெண்ணாக மாறிவிடும். அப்படியென்றால் ஆற்றில் இருக்கும் பெரிய கொடுவாக்கள் எல்லாம் அநேகமாகப் பெண்கள். அடுத்த தலைமுறைக்கு முட்டையிட வேண்டியவை. அதனால்தான் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைவான கொடுவாவை மட்டுமல்ல, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சின்னதையும் விடு, பெரியதையும் விடு, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள் என்பது கணக்கு.

முட்டையிட இந்த மீனுக்கு உப்புநீர் வேண்டும். குஞ்சுகள் வளர முகத்துவாரமும் உப்பங்கழியும் நன்னீரும் வேண்டும். இறாலும் அப்படித்தான். கடலில் முட்டை, உப்பங்கழியில் பிள்ளைப் பருவம், வளர்ந்ததும் திரும்பக் கடல். உப்பங்கழி என்பது கடலுக்கு நர்சரி ஸ்கூல். அது மூடப்பட்டால் நஷ்டம் கழிக்குள் வலை வீசுபவருக்கு மட்டுமல்ல, வெளிக்கடலுக்குப் போகும் படகுக்கும் சேர்த்துத்தான்.

தூண்டில் எடுத்துப் போகலாமா?

இந்தக் கேள்விக்கு வருவோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காப்புக்காடு. 1937-லேயே அந்த நிலை வந்துவிட்டது. பரம்பரையாக அங்கே மீன் பிடிப்பவர்களின் பிழைப்பு வேறு, ஒரு நாள் பொழுதுபோக்குக்கு வருபவரின் தூண்டில் வேறு. முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் படகில் போவது சுற்றிப் பார்ப்பதற்கு. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு தூண்டிலும் போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. தூண்டில் ஆசை இருந்தால் அதை வனச்சரக அலுவலகத்தில் நேராகக் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். 'முடியாது' என்றால் முடியாதுதான். உள்ளூரில் யாராவது "ஒண்ணும் ஆகாது, வாங்க சார்" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். பிரச்னை வந்தால் படகு அவருடையது, பறிபோவது அவர் பிழைப்பு.

இதில் ஏமாற்றம் அடைய ஒன்றுமில்லை. வழிகாட்டியோடு போகும் பயணத்தில் மீனைக் கையில் பிடிப்பது ஒரு பகுதிதான். வலை வீசுபவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பது, எந்த நேரத்தில் எந்த மீன் எங்கே நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, சேற்றில் நண்டு வளையைக் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. வீட்டில் மீனே சமைக்காத ஸ்ரீரங்கத்துக் குடும்பமும் தாராளமாகப் போய் வரலாம்.

22 பேர்

கிளம்பும் முன் நினைத்துப் பார்க்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 25. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொண்டாட வந்த ஒரு குடும்பக் கூட்டம் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறியது. படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள்.

2023-ம் ஆண்டு மே 7. கேரளாவின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது அது. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அங்கேயும் 22 பேர்.

ஆழம் இல்லாத தண்ணீர்தானே என்ற நினைப்புதான் ஆபத்து. உப்பங்கழியில் ஆழத்தைவிடச் சேறு மோசமானது. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். முகத்துவாரத்தை நெருங்கினால் இழுப்பும் உண்டு. மீன் பிடிக்கும் படகு வேறு, ஆளை ஏற்றும் படகு வேறு. அமெரிக்காவில் இப்படி மீன்பிடிக்க அழைத்துப் போகும் சிறு படகுகளுக்கான அடிப்படை உரிமத்தில், கட்டணம் கட்டும் ஆட்கள் 6 பேருக்கு மேல் ஏறக் கூடாது. இங்கே படகோட்டி "போதும், அடுத்த ட்ரிப்ல வாங்க" என்று சொன்னால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நல்ல வழிகாட்டி என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

'வீணாகக் கடலில் கலக்குது'

திருச்சியில் வெள்ளம் வரும் வருஷமெல்லாம் கேட்கும் வாக்கியம் இது. கொள்ளிடம் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, இரு கரையும் தொட்டு ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தண்ணி வீணாப் போகுது பாரு" என்று பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. மழை பொய்த்த வருடங்களில் பயிர் கருகியதைப் பார்த்த டெல்டாவில் அந்த ஆதங்கம் நியாயமானதும்கூட.

ஆனால், கடலுக்குப் போகும் தண்ணீர் முழுவதும் வீண் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் தந்த இறுதித் தீர்ப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது. மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்குப் போட்டு மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தபோது, 10 டி.எம்.சி-யைச் சுற்றுச்சூழலுக்காகவும், 4 டி.எம்.சி-யைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகும் நீராகவும் தனியே ஒதுக்கியது. ஆற்றின் கடைமடையில் விவசாயிக்கு அப்பாலும் ஓர் உயிர் இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

நன்னீர் வராவிட்டால் முத்துப்பேட்டையில் என்ன ஆகும்? கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். சில இடங்களில் கடலைவிட அதிகமாகக்கூடக் கரிக்கும். அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் காலத்தில் விறகுக்காக இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் தரை தாழ்ந்து குழியானது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் குழியில் தங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு பாரித்து, மறுபடியும் மரமே முளைக்காத பொட்டல் ஆனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அதற்குக் கண்ட வழி எளிமையானது. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வந்து போகும்படி செய்தார்கள். உப்பு குறைந்தது, நட்ட கன்று பிழைத்தது.

2018-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியே திரண்டு போய்ப் பார்த்தது. அதே வருடம் நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டையின் அலையாத்தி மரங்கள் முறிந்து, இலை உதிர்ந்து, காடு பழுப்பாக நின்றது. ஆற்றின் தலைமாட்டில் ஓர் அடி, கால்மாட்டில் ஓர் அடி. முக்கொம்பில் புது அணை எழுந்துவிட்டது. காடு அப்படி எழாது. அது மரம் மரமாக வளர வேண்டும், அதற்கு வருடா வருடம் நன்னீர் வர வேண்டும்.

படகோட்டிகள் கேட்ட கேள்வி

தண்ணீர் கெட்டால் முதலில் தெரிவது யாருக்கு? தினமும் அதில் போய் வருபவருக்கு. ஃப்ளோரிடாவில் நடந்தது இதுதான். அங்கே ஒக்கிசோபி என்ற பெரிய ஏரியின் தண்ணீரை, நிரம்பும்போதெல்லாம் முகத்துவாரங்களில் திறந்துவிட்டார்கள். ஓர் இடத்தில் வேண்டாத அளவுக்கு நன்னீர், இன்னோர் இடத்தில் வேண்டிய அளவு இல்லை. கடற்புல் அழிந்தது, மீன் விலகியது, விருந்தாளிகள் வரவில்லை. 2016-ல் மீன்பிடி வழிகாட்டிகள் சேர்ந்து 'கேப்டன்ஸ் ஃபார் க்ளீன் வாட்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தூண்டில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், அரசிடம் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அதே மாநிலத்தின் கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் லகூன். கழிவும் உரச் சத்தும் சேர்ந்து பாசி பெருகி, கடற்புல் பெருமளவு அழிந்தது. 'ரெட் டிரம்' என்ற மீனுக்காகவே ஊர் ஊராக ஆட்கள் வந்த இடம் அது. 2022 செப்டம்பரில், அங்கே பிடிக்கும் ரெட் டிரம் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று விதி வந்தது. பிடித்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்றது அது. படகு இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார், காசு கொடுக்க ஆளும் இருக்கிறார். தண்ணீர் கெட்டதும் சட்டி காலி.

முத்துப்பேட்டைக்கு இதில் பாடம் உண்டு. உப்பங்கழியை நன்கு அறிந்த மீனவர், வலையில் கிடைப்பதை மட்டும் நம்பாமல், அந்த அறிவுக்கே கூலி வாங்க முடிந்தால், மீன் கிடைக்காத நாளிலும் வீட்டில் அடுப்பு எரியும். அவரோடு ஒரு நாள் போய்வந்த திருச்சிக்காரர், அடுத்த முறை கொள்ளிடம் பாலத்தில் நின்று பெருமூச்சு விடுவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார். அதே சமயம், இன்ஜின் இரைச்சலும் பாலித்தீன் பையும் பறவைகள் கூடும் இடத்துக்கே படகை விடும் அவசரமும் சேர்ந்தால் அந்தப் பயணமே கழிக்குச் சுமையாகிவிடும். எத்தனை படகு, எத்தனை பேர், எந்த மாதம் என்று கணக்கோடு நடந்தால்தான் இது நிலைக்கும்.

கிளம்பும் முன்…

* முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். படகு ஓடுகிறதா, நடைபாதையும் பார்வைக் கோபுரமும் திறந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

* ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். நவம்பர், டிசம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

* லைஃப் ஜாக்கெட் குழந்தைகளின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள்.

* கழிக்குள் நிழல் கிடையாது. தொப்பி, குடிநீர், முழுக்கைச் சட்டை அவசியம். குடிநீரைப் பாட்டிலில் கொண்டுபோனால் காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

* மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள். தில்லை மரத்தைத் தொடாதீர்கள். பறவைக் கூட்டத்தின் அருகே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள்.

* திரும்பும்போது மீனோ நண்டோ வாங்கினால், உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு நண்டுகளைத் தவிருங்கள். வாங்க ஆள் இருக்கும் வரை பிடிக்க ஆள் இருப்பார்.

சாயங்காலம் திரும்பி வரும்போது கல்லணையில் ஒரு டீக்கு வண்டியை நிறுத்தலாம். மதகைத் தாண்டி வெண்ணாற்றில் இறங்கும் தண்ணீர், காலையில் பார்த்த அந்த உப்பங்கழிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். அடுத்த ஆடிப்பெருக்கில் அம்மா மண்டபம் படித்துறையில் குழந்தை அதே கேள்வியைக் கேட்டால், பாட்டி கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லலாம். மஞ்சளையும் பூவையும் ஆற்றில் விட்டுவிட்டு, அவற்றைக் கொண்டுவந்த கேரி பேக்கை மறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.